மூன்று தரம் கூப்பிட்டால்

இரவில் படலையடியில் நின்று யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே "ஓம்" என்று சொல்லிவிடக் கூடாது. மூன்று தரம் கூப்பிடும்வரை வாய் திறக்காமல் இருக்க வேண்டும். பேய் ஒருதரம்தான் கூப்பிடும். மனிசர் என்றால் பதில் வரும்வரை கூப்பிடுவார்கள். அம்மம்மா எனக்குச் சொல்லித் தந்த முதற் பாடம் இதுதான். அரிச்சுவடி அதற்குப் பிறகு.

முள்ளியவளையில் எங்கள் வளவுக்கும் குளக்கட்டுக்கும் நடுவே ஒரு புளியமரம் நின்றது. அதில் முனி இருந்தது. அது இருந்ததா இல்லையா என்று அந்தக் காலத்தில் யாரும் கேட்டதில்லை. எந்த நேரம் இறங்கும், எந்தப் பக்கத்தால் போகும் என்பதுதான் கேள்வி. பிள்ளைப்பேற்றில் இறந்தவள் கொத்தியாகி வருவாள் என்று, பிள்ளை பெற்ற வீட்டு வாசலில் வேப்பிலை செருகினோம். மைமல் பொழுதில் கிணற்றடிக்குப் போகும் குமர்ப்பிள்ளைகளின் கையில் ஒரு இரும்புத் துண்டு இருக்கும்.

அம்மம்மா முனியின் முகத்தை ஒருநாளும் எனக்குச் சொன்னதில்லை. அவ சொல்வது நாயைப் பற்றி. "நாய் எழும்பிச்சுது. மரத்தைப் பாத்துது. குரைக்கேல்லை. திரும்பி வந்து கட்டிலுக்குக் கீழ படுத்திட்டுது." அவ்வளவுதான். பிறகு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவத் தொடங்கிவிடுவா. நான் அந்த இடைவெளியில் சுருட்டு மணத்தை மூக்கால் தேடிக்கொண்டிருப்பேன், முனி வந்தால் சுருட்டு மணக்கும் என்பதால். இருபது வருடத்துக்கு மேலாகப் பேய்க்கதை எழுதுகிறேன். அந்த நாயை விடத் திறமான ஒரு வரியை நான் இன்னும் எழுதவில்லை.

பேய்க்கதைப் புத்தகம் என்று கைக்குக் கிடைத்தவை பி.டி. சாமியின் நாவல்கள். யாழ்ப்பாணத்திலிருந்து யாராவது கொண்டு வந்தால் கைமாறிக் கைமாறி எங்களிடம் வரும்போது அட்டை இருக்காது, சிலவேளை கடைசிப் பக்கங்களும் இருக்காது. முடிவு தெரியாத பேய்க்கதைகளை நானே முடித்தேன். எழுத்து எனக்கு அப்படித்தான் தொடங்கியது. புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யை இருபது வயதில் படித்தபோது திகைத்துப் போனேன். வீட்டுக்கு வேலைக்கு வந்தவள் பேயா, கதை சொல்பவரின் மனம் செய்யும் மாயமா என்று அவர் கடைசிவரை சொல்லிவிடவில்லை. 1943இலேயே ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார். பக்கம் கிழிந்து போனதால் முடிவு இல்லாமற் போவதும், எழுதியவன் தெரிந்தே முடிவைத் தராமல் விடுவதும் ஒரே அச்சத்தைத் தரும் என்று அன்றுதான் விளங்கியது.

1990இல் போர் மீண்டும் மூண்டது. பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெய் அருமருந்தாயிற்று. ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனைய மட்டும் எண்ணெய், சைக்கிள் வால்வுக்குள்ளால் இழுத்த நூல்திரி, அதுதான் எங்கள் விளக்கு. அந்த வெளிச்சத்தில்தான் சாமியையும் புதுமைப்பித்தனையும் படித்தேன். குண்டுவீச்சு விமானச் சத்தம் கேட்டால் அந்தச் சொட்டு வெளிச்சத்தையும் ஊதி அணைப்போம். இருட்டுக்குப் பயந்து வளர்ந்த நாங்கள் இருட்டுக்குள் ஒளிக்கப் பழகினோம்.

பங்கர் வெட்ட இடம் பார்த்தபோது அப்பா காட்டியது முனி இருந்த புளியடியை. வேர் மண்ணை இறுக்கிப் பிடிக்கும், கிளை மேலேயிருந்து பார்ப்பவனுக்கு மறைக்கும் என்றார். அம்மம்மா முதலில் கற்பூரம் கொளுத்தினா. "பிள்ளையளோட வாறம், இடம் விடு" என்று மரத்திடம் கேட்டா. பிறகு மண்வெட்டி இறங்கியது. எத்தனையோ இரவுகள் நான் அந்த வேர்களுக்கு நடுவில் நித்திரை கொண்டிருக்கிறேன். முனி எங்களை ஒன்றும் செய்யவில்லை.

1994இல் அம்மம்மா போய்ச் சேர்ந்தா. எட்டுச் செலவு செய்தோம். அந்தியேட்டிக்குக் கீரிமலைக்குப் போக வழியில்லாமல் முல்லைத்தீவுக் கடலில் அஸ்தியைக் கரைத்தோம். செய்ய வேண்டியதெல்லாம் செய்துதான் அனுப்பினோம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், செத்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு உடம்பும் ஒரு கொள்ளியும் ஒரு முப்பத்தோராம் நாளும் இருந்த காலத்தில்தான் நாங்கள் பேய்க்கு அப்படிப் பயந்தோம்.

*

விக்ரம் கே. குமார் எடுத்து மாதவன் நடித்த 'யாவரும் நலம்' திரைக்கு வந்தது 2009 மார்ச்சில். அந்த மார்ச்சில் நாங்கள் போருக்கு நடுவே மாத்தளன் மணலில் இருந்தோம். இந்தப் பெயரில் ஒரு பேய்ப்படம் வந்திருக்கிறது என்று எனக்கு 2011இல்தான் தெரியும், மீள்குடியேறிய பிறகு ஒரு சீடிக் கடையில். அதை வாங்கி வந்து பகலில் தனியே இருந்து பார்த்தேன். ஒரு குடும்பம் புது வீட்டுக்குக் குடிபோகிறது. அங்கே ரீவியில் ஒரு தொடர் ஓடுகிறது. அதில் வருவது அவர்களுடைய வீட்டுக் கதையாகவே இருக்கிறது. இன்று அவர்களுக்கு நடப்பது தொடரிலும் நடக்கிறது, பிறகு தொடரில் நடப்பது அவர்களுக்கு நடக்கிறது. தமிழில் வந்த பேய்ப்படங்களில் இதைவிட நல்ல கற்பனை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பாழடைந்த பங்களாவை விட்டுவிட்டு, வரவேற்பறை ரீவிக்குள் பேயைக் குடியேற்றிய படம் அது.

ஆனால் அந்த வருடமே அதைவிடப் பயங்கரமான ஒன்றைக் கண்டேன். பிரித்தானியாவின் சனல் 4 போரின் கடைசி மாதங்களைப் பற்றிய ஆவணப்படத்தை 2011 ஜூனில் ஒளிபரப்பியது. பிறகு அதன் துண்டுகள் கைத்தொலைபேசி வழியாக ஊருக்குள் வந்து சேர்ந்தன. எங்கள் பெண்கள் அதைப் பார்த்த விதத்தை நான் மறக்க மாட்டேன். நிறுத்துவார்கள். பின்னுக்கு இழுப்பார்கள். திரையை விரலால் பெரிதாக்குவார்கள். ஒரு சேட்டின் நிறம், ஒரு காதின் வளைவு. "இஞ்ச, இந்தப் பொடியனைக் கொஞ்சம் வடிவாப் பார் பிள்ளை." ஆளுக்காள் தங்கள் வீட்டு முகத்தை அதற்குள் தேடினார்கள். 'யாவரும் நலம்' குடும்பம் தங்களை ரீவியில் கண்டு பயந்தது. இவர்களோ காணமாட்டோமா என்று தவித்தார்கள்.

*

மின்கம்பங்கள் வந்துவிட்டன. இன்றைக்கு எங்கள் ஊரில் ரீவி இல்லாத வீடு அருமை. ரீவியில் பேய் வராத வாரமும் அருமை. 'சந்திரமுகி' எத்தனையாவது தரம் போகிறது என்று கணக்கில்லை. 2024இல் வந்த 'அரண்மனை 4'ஐப் பிள்ளைகள் வசனத்தோடு சொல்வார்கள். என்னைப் 'பேய் ரீச்சர்' என்று கூப்பிடும் பிள்ளைகள் அவர்கள். அந்தப் பெயரில் எனக்குப் பெருமைதான். ஒவ்வொரு படம் வந்ததும் என் அபிப்பிராயம் கேட்டு ஓடி வருவார்கள். நானும் மறைக்காமல் சொல்வேன். இந்தப் படங்களில் பேய்க்கு மரியாதை இல்லை. கூரையால் இறங்கும், சுவரில் நடக்கும், கடைசியில் மந்திரமும் கணினிப் புகையும் சேர்ந்து அதை விரட்டும். அது என்ன கேட்டு வந்தது என்பது பத்து நிமிடத்துப் பழங்கதையாக இடையில் வந்து போய்விடும்.

'காஞ்சனா'வை மட்டும் நான் அப்படித் தள்ளமாட்டேன். சிரிப்பும் கூத்துமாகப் போகிற படத்தின் நடுவில், ஒரு திருநங்கையின் காணியைப் பறித்தவர்கள் அவளைக் கொன்று அதே காணியில் புதைக்கிறார்கள். காணியை விட்டுத் தரச் சொல்லி முகாம் வாசலில் மாதக் கணக்கில் குந்தியிருந்த கேப்பாப்புலவுச் சனங்களின் மாவட்டத்தில் அந்தக் காட்சிக்கு யாரும் சிரிக்கவில்லை.

பாழ் வீடு என்றால் என்ன என்று இந்தப் படம் எடுப்பவர்களுக்கு ஒருநாள் காட்ட ஆசை. வலைபின்னிய சரவிளக்கும் கிறீச்சிடும் கதவும் அல்ல. 2011இல் நாங்கள் திரும்பி வந்தபோது எங்கள் வீட்டில் கதவே இல்லை, கூரையும் இல்லை. வளவின் மூலையில் ஒரு தடியில் சிவப்புத் தகடு தொங்கியது. அதில் மண்டையோடு. சின்ன வயதில் பேய்க்கதைப் புத்தகத்தில் ரசித்த மண்டையோடு, மிதிவெடி அபாயம் என்று எங்கள் தோடை மரத்தடியில் நின்றது. வீட்டுக்குள் மிஞ்சியது அறை வாசலின் பாலை மரத்து நிலை. நாங்கள் வேலை காரணமாகப் புதுக்குடியிருப்பில் இருந்த காலத்தில் இடம்பெயர்ந்த ஒரு குடும்பம் அங்கே இருந்தது. திறப்பைக் கொடுத்தது சித்தப்பா. நாங்கள் அவர்களைக் கண்டதில்லை, சித்தப்பாவும் இப்போது இல்லை. நிலையில் ஐந்து பென்சில் கோடுகள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக. பக்கத்தில் திகதிகள். முதற்கோடு 2007 தைப்பொங்கல் நாள். அதனருகே 'சின்னவன்' என்று எழுதியிருந்தது. கடைசிக் கோடு 2008 ஐப்பசி, என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே. அதற்கு மேல் வெறும் மரம்.

வீடு திருத்த வந்த மேசனிடம் அந்த நிலைக்கு மட்டும் பெயின்ற் பூச வேண்டாம் என்று சொன்னேன். அதை வைத்து ஒரு கதை எழுதினேன். ஒரு தைப்பொங்கல் காலையில் ஆறாவது கோடு தானாக விழுந்திருக்கிறது. அடுத்த வருடம் ஏழாவது. பிள்ளை வளர்கிறான். வீட்டுக்காரி பயப்படவில்லை. எட்டாவது கோட்டுக்குக் கையெட்டாது என்று ஒரு முக்காலி வாங்கி நிலையடியில் வைக்கிறாள். ஒரு சஞ்சிகை ஆசிரியர், கதை நல்லது, கடைசியில் ஒரு மந்திரவாதியை வரவைத்துப் பிள்ளையின் ஆவியைச் சாந்தப்படுத்திவிடுங்கள், வாசகருக்கு நிம்மதியாக இருக்கும் என்று கடிதம் எழுதினார். நான் கதையைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

என் மனதுக்கு ஒத்த பேய்க்கதைகள் பெரும்பாலும் போர் நடந்த நாடுகளிலிருந்தே வந்திருக்கின்றன. கியர்மோ டெல் டோரோவின் 'டெவில்ஸ் பேக்போன்' (2001) ஸ்பானிய உள்நாட்டுப் போர்க்கால அநாதை இல்லம் ஒன்றில் நடக்கிறது. அதன் முற்றத்தில் வெடிக்காத குண்டொன்று செங்குத்தாகப் புதைந்து நிற்கிறது, பிள்ளைகள் அதைச் சுற்றி விளையாடுகிறார்கள். அங்கே செத்த ஒரு பையனின் ஆவியும் நடமாடுகிறது. பேய்க்கும் குண்டுக்கும் நடுவில் வளர்ந்த பிள்ளையை ஒருவர் படமாக எடுத்திருக்கிறாரே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. 'ஹிஸ் ஹவுஸ்' (2020) தென் சூடானிலிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்த ஒரு கணவன் மனைவியின் கதை. அகதிகளுக்கென்று கொடுத்த வீட்டின் சுவருக்குள் அவர்களுடைய செத்தவர்களும் கூடவே வந்திருக்கிறார்கள். கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிற எங்கள் ஆட்களுக்கு அதைப் பாருங்கள் என்று ஆள்விட்டுச் சொன்னேன்.

எங்கள் நாட்டுக் கதை என்றால் ஷெஹான் கருணாதிலக. 2022இல் புக்கர் பரிசு வாங்கிய 'செவன் மூன்ஸ் ஆஃப் மாலி அல்மெய்தா'வை அகராதியும் மகளுமாக இரண்டு மாதம் வாசித்தேன். 1990ஆம் ஆண்டுக் கொழும்பில் ஒரு போர்ப் புகைப்படக்காரன் தான் செத்துவிட்டதை அறிந்து விழிக்கிறான். யார் கொன்றார்கள் என்று கண்டுபிடிக்க ஏழு இரவுதான் தவணை. மறுவுலகம் ஒரு கந்தோர் மாதிரி இருக்கிறது. வரிசை, படிவம், தள்ளுமுள்ளு. செத்தவர்கள் வரிசையில் நிற்பதைப் படித்தபோது கச்சேரியிலும் ஆணைக்குழுக்களிலும் இலக்கம் எடுத்துக் காத்திருந்த தாய்மார் கண்ணுக்குள் வந்தார்கள். உயிரோடிருப்பவருக்கும் அதே வரிசைதான். அந்த நாவலைத் தமிழ்ப் பள்ளிக்கூடங்களில் மேல் வகுப்புக்கு வைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ரீவித் தொடர்களில், தொண்ணூறுகளில் சன் ரீவியில் வந்த 'விடாது கருப்பு'வை நான் பல வருடம் பிந்தித்தான் பார்த்தேன். இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கியது. காவல் தெய்வத்திடம் ஊருக்கிருக்கும் அச்சத்தையும் பாசத்தையும் சேர்த்துக் காட்டியதற்காக அதை நேசிக்கிறேன். ஐயனாரையும் வைரவரையும் எல்லையில் வைத்துக் கும்பிடும் வன்னிக்கு அது அந்நியமான கதையல்ல. இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் காலமான செய்தி கேட்டு அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

புதியவற்றில் என்னை உலுப்பியது அமெரிக்கத் தொடர் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்'. ஸ்காபரோவில் இருக்கும் மருமகன் சொல்லித்தான் பார்த்தேன். 2016இல் வந்த முதற் பாகத்தில் ஒரு சிறுவன் காணாமற் போகிறான். ஒரு உடலைக் காட்டி இதுதான் உன் பிள்ளை என்கிறார்கள். தாய் ஜாய்ஸ் இல்லை என்கிறாள். அது அவனில்லைத்தான். வீட்டுச் சுவரில் எழுத்துகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு வண்ண மின்குமிழைத் தொங்கவிட்டு, மகன் எந்தக் குமிழை எரிய வைக்கிறான் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஊர் அவளைப் பைத்தியம் என்கிறது.

அந்தச் சுவரை நான் நிறுத்தி வைத்து நெடுநேரம் பார்த்தேன். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னால், காணாமற் போன பிள்ளைகளைக் கேட்டுத் தாய்மார் குந்தத் தொடங்கினார்கள். சில நாளில் வவுனியாவிலும் மார்ச்சில் முல்லைத்தீவிலும். மரணச் சான்றிதழ் தருகிறோம், இழப்பீடு தருகிறோம் என்றவர்களுக்கு அவர்கள் சொன்ன பதிலும் ஜாய்ஸ் சொன்னதுதான். பின்னால் வந்த பாகங்களில் மிருகங்கள் பெரிதாகின, உலகத்தைக் காப்பாற்றுகிற வேலை கூடிற்று, தாய் ஓரத்துக்குப் போனாள். கடைசிப் பாகம் 2025 முடிவில் வந்து நிறைவடைந்துவிட்டது. அந்த முதற் பாகத்துத் தாயை அவர்கள் விட்டிருக்கக் கூடாது.

*

மிஷ்கினின் 'பிசாசு' (2014) என் வீட்டு ரீவியில் ஓடியபோது பக்கத்து வளவு அக்காவும் வந்திருந்தா. அவ மகனைக் கடைசியாகக் கண்டது வட்டுவாகல் பாலத்தடியில். அந்தப் படத்தில் விபத்தில் செத்த பெண், தன்னைக் காப்பாற்றப் பார்த்தவனின் வீட்டுக்குப் போய் இருக்கிறாள். பழிவாங்க வரவில்லை. அவளுடைய தகப்பன் மகளின் உடலை எரிக்க மனமில்லாமல் ஐஸ் தொழிற்சாலை ஒன்றில் வைத்திருக்கிறார். பேயைப் பேயாக வைத்துக்கொண்டே அதன்மேல் அன்பு வரச் செய்த படம். தமிழ்ப் பேய்ப்படங்களில் நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான்.

ஐஸுக்குள் அந்தப் பிள்ளையின் முகம் தெரிகிற இடத்தில் என் மகள் அழுதாள். நானும் அழுதேன். அக்கா அழவில்லை. மடியில் வைத்திருந்த பாக்கு வெட்டியைத் திறந்து மூடிக்கொண்டு, "அந்தாளுக்கு உடம்பெண்டாலும் கிடைச்சுதே" என்றா.

எங்கள் மாவட்டத்திலேயே, கொக்குத்தொடுவாயில், 2023 ஜூனில் தண்ணீர்க் குழாய்க்கு நிலம் வெட்டியபோது எலும்புகள் வந்தன. அகழ அகழக் கூடின. உடுபிடவைகளும் வந்தன. செய்தி வந்த பின்னேரம் அக்கா என்னிடம் வந்து சேட்டு என்ன நிறமாம் என்று கேட்டா. பெண்களின் உடைகள் என்று வாசித்துச் சொன்னேன். படலை மட்டும் நடந்து போனவ திரும்பி வந்து, வேறு ஏதும் எழுதியிருக்கிறதா என்று இன்னொருமுறை கேட்டா.

அதற்கு முந்தின வருடம், 2022 மார்ச் முடிவில், நாடு முழுக்கப் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு. டீசல் இல்லை, காஸ் இல்லை. தலைநகரில் சனம் தெருவுக்கு வந்தது. எங்கள் ஊரில் கிழவிகள் ஜாம் போத்தலைத் தேடி எடுத்தார்கள். போனில் சார்ஜ் இல்லாமற் போன பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் என் திண்ணைக்கு வந்து, "ரீச்சர், பேய்க்கதை சொல்லுங்கோ" என்றார்கள். முப்பது வருடத்துக்குப் பிறகு அந்தச் சிறு வெளிச்சத்தில் பிள்ளைகளின் கண்களைப் பார்த்தேன். முனியின் முகத்தைச் சொல்லவில்லை. நாயைச் சொன்னேன். நாய் எழும்பியது, மரத்தைப் பார்த்தது, குரைக்கவில்லை. கடைசிப் பையன் கால்களை இழுத்துக் குந்தில் ஏற்றிக்கொண்டான்.

பிறகு அம்மம்மாவின் பாடத்தையும் சொன்னேன். இரவில் படலையில் கூப்பிட்டால் உடனே "ஓம்" சொல்லக் கூடாது, மூன்று தரம் கூப்பிடும்வரை பொறுக்க வேண்டும், பேய் ஒருதரம்தான் கூப்பிடும்.

"அப்ப ஒருதரம் கூப்பிட்டிட்டு நிண்டா?" என்று பெட்டையொருத்தி கேட்டாள்.

"நிண்டா அது பேய்தான். பேசாமல் இருக்கவேணும்."

தூணோடு சாய்ந்து இருட்டுக்குள் இருந்த அக்கா அதுவரை ஒன்றும் பேசவில்லை. "நான் முதல் கூப்பிடிலேயே ஓம் எண்டிடுவன், பிள்ளை" என்றா. "பேயெண்டாலும்."

பிள்ளைகள் திரும்பி அவவைப் பார்த்தார்கள். விளக்கில் எண்ணெய் முடிந்துகொண்டிருந்தது. அக்கா எழும்பித் தன் வளவுக்குப் போனா. அவவின் படலை இழுபட்டுத் திறக்கிற சத்தம் கேட்டது. சாத்துகிற சத்தத்துக்காக நான் காத்திருந்தேன். அது கேட்கவில்லை.